லண்டன் புரொசசரும் பாரிஸ் மதர்போர்ட்டும்

நான் வேலையை விட்டு ஒன்றரை வருடமாகிறது. ஆனாலும் பிறந்தநாள் வீடு, சாமத்திய வீடு என்று எங்கே போனாலும், சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் எடுப்பதற்குள் யாராவது ஒருவர் கைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டிவிடுவார். “ராணியக்கா, பெடியன் கேம் விளையாட ஒரு கொம்பியூட்டர் கேக்கிறான். இந்த லிஸ்ட் சரியோ எண்டு ஒருக்கா பாருங்கோ.”

அந்தப் பட்டியலை இப்போது கைபேசியே போட்டுக் கொடுத்துவிடுகிறது. கையில் எவ்வளவு காசு, என்ன விளையாட்டு என்று கேட்டுவிட்டு, எந்தப் பாகம் வாங்கவேண்டும் என்று ஒரு நொடியில் சொல்லிவிடும். உண்மையைச் சொன்னால் பட்டியல் மோசமில்லை. நான் குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்க்கிறேன், அநேகமாக ஒன்றும் அகப்படுவதில்லை. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்ட எங்கள் சங்கத்து மலர்க்குழுக்காரர், “அந்த வேலையை நீங்கள் கையால் செய்த காலத்தைப் பற்றி எழுதித் தாருங்கள்” என்றார்கள். கையால் செய்த காலமாம். என்னவோ நான் மதர்போர்ட்டை அம்மியில் வைத்து அரைத்த மாதிரி. சரி, கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன்.

மொன்றியலுக்கு வந்த புதிதில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருந்தேன். நாலு வருடம் காற்சட்டைப் பைகளை மட்டும் தைத்தேன், முழுக் காற்சட்டை ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. தொழிற்சாலையைப் பூட்டினார்கள். பிறகு பிரெஞ்சு வகுப்பு, அதன் பிறகு பத்து மாதம் கணினி திருத்தும் படிப்பு. வகுப்பில் இரண்டே இரண்டு பெண்கள், மற்றவள் பாதியில் கலியாணம் முடித்துக்கொண்டு போய்விட்டாள். என் படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. அதன் பிறகு இருபத்துநாலு வருடம் ஒரே கடை, ஒரே கவுண்டர். கணினிப் பாகங்களைத் தனித்தனியே விற்று, வேண்டுமென்றால் ஒன்றாகப் பொருத்திப் பூட்டியும் கொடுக்கிற கடை.

கடையின் சொந்தக்காரி மதாம் லூசில். என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் கண்ணாடி, கையில் எப்போதும் ஆறிப்போன கோப்பி. சூடான கோப்பியை அவர் குடித்து நான் பார்த்ததே இல்லை. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் பிரெஞ்சை இன்னும் ஆறுதலாகக் கதைப்பார், அவ்வளவுதான். அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கத் தொடங்கினால் நான் செய்த பிழையைத் தேடத் தொடங்கிவிடுவேன்.

அவரிடம் ஒரு தாள் இருந்தது. ஒன்பது வரிகள் போட்ட வெறும் தாள். வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் மூன்று கேள்வி. என்ன விளையாடுகிறாய்? வீட்டில் என்ன திரை இருக்கிறது? கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய்? மூன்றாவதற்குப் பதில் வந்ததும் விற்பனை வரியைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் தாளின் மேலே எழுதுவார். ஆயிரம் டொலருடன் வந்தவர்கள் ஆயிரத்துக்கும் பாகம் வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். கியூபெக் அரசாங்கத்தை மறந்துவிடுவார்கள். கடைசியில் அழுவதைவிட முதலிலேயே அழுவது நல்லது என்பது மதாமின் கொள்கை.

பிறகு பவர் சப்ளை. சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தை உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. அந்த வரியை மட்டும் பேனையால் எழுதுவார். மற்ற எட்டும் பென்சில். “இது மலிவாக இருந்தால், சாகும்போது தனியாகச் சாகாது, பக்கத்தில் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு போகும்” என்பார். அதன் பிறகு படத்தை வரைந்து தருகிற கிராபிக்ஸ் கார்ட். கையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி அதற்குப் போகும். அதற்குப் பொருத்தமாகக் கணக்குப் போடுகிற புரொசசர், புரொசசருக்குப் பொருத்தமாக அதைத் தாங்குகிற மதர்போர்ட் என்று இறங்கி வந்து, எல்லாவற்றையும் போட்டு மூடுகிற கேசிங்கைக் கடைசி வரியில் எழுதுவார். வருகிற பெடியள் எல்லோரும் கேசிங்கைத்தான் முதலில் கேட்பார்கள், ஏழு நிறத்தில் விளக்கு எரியவேண்டும் என்று. மதாம் ஒரு கையில் விளக்குக் கேசிங்கையும் மறு கையில் கிராபிக்ஸ் கார்டையும் கொடுத்து, “இதில் எது படம் காட்டும்?” என்று கேட்டுவிட்டு அவர்கள் பதில் சொல்லும் வரைக்கும் கோப்பி குடிப்பார்.

நான் சேர்ந்து நாலாவது மாதம் நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டிலிருந்து ஒரு மனிதர் வந்தார். அவருக்கு எல்லாவற்றையும் சரியாகத் தெரிவுசெய்து கொடுத்தேன் என்று எனக்கு ஒரே பெருமை. அடுத்த நாள் கொட்டுகிற பனிக்குள் காரோட்டிக்கொண்டு திரும்பி வந்தார். கிராபிக்ஸ் கார்ட் கேசிங்கைவிட ஒரு சென்ரிமீற்றர் நீளம். மதாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, கேசிங்கை மாற்றிக் கொடுத்து அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் ஆறுதலாக, “நீ தையல் வேலை செய்தவள்தானே?” என்றார். அடுத்த நாளே என் பழைய அளவு நாடாவைக் கொண்டுவந்து கழுத்தில் போட்டுக்கொண்டேன். கடைசி நாள்வரை கழற்றவில்லை. கடைக்குப் புதிதாக வந்த எங்கள் பெண்கள் பலர், “அக்கா, சாறி பிளவுசும் தைப்பீங்களோ?” என்று கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஆட்கள் வந்தால் தாளில் பேரத்துக்கென்று பத்தாவது வரி ஒன்று போடவேண்டும் என்று நான் மதாமிடம் சொல்லுவதுண்டு. தகப்பன், தாய், பிள்ளை என்று மூன்று பேராக வருவார்கள். பிள்ளை, “படிக்கத்தான் அன்ரி” என்று சொல்லும். தாய் தலையை ஆட்டுவா. தகப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா, எங்கட ஆக்கள் எண்டு பாத்துக் குறையுங்கோ” என்பார். நான் பிள்ளையைப் பார்த்து, “என்ன பாடத்துக்கு ராசா இவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்ட்?” என்று கேட்பேன். அது காது சிவந்து நிலத்தைப் பார்க்கும். இரக்கப்பட்டு விட்டுவிடுவேன். பொய் சொன்னாலும் காது சிவக்கிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது.

யேசுதாசன் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவர். மன்னார்ப் பக்கத்து ஆள், எங்கள் பகுதியான அஹுன்ட்சிக்கில்தான் வீடு. ஒரு திங்கட்கிழமை காலை, மகள் மெலனியுடன் இரண்டு பெரிய பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மெலனிக்குப் பதினெட்டு வயது. அவளுடைய கல்லூரியில் கணினி விளையாட்டு அணி ஒன்று இருக்கிறது. அதற்கு ஆள் எடுக்கும் தேர்வு வருகிற சனிக்கிழமை இரண்டு மணிக்கு. அவரவர் வீட்டிலிருந்து, அவரவர் கணினியில் விளையாடவேண்டும். மெலனியிடம் இருந்தது ஒரு பழைய மடிக்கணினி. அரை மணித்தியாலத்தில் கொதித்துவிடுமாம். அதற்கு அடியில் குளிர்பெட்டியில் உறைந்த பட்டாணிப் பையை வைத்துத்தான் விளையாடுவாளாம்.

“மூண்டு தரம் உருகின பட்டாணியைத்தான் நாங்கள் சாப்பிடுறம்” என்றார் யேசுதாசன்.

இந்த மனிதர் இரண்டு வருடமாக மகளின் விளையாட்டுக்குத் திட்டிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் அவள் விளையாடும்போது பின்னால் நின்று பார்த்திருக்கிறார். அவள் சொல்ல நாலு பேர் கேட்டு நடந்ததைக் கண்டதும் ஆள் தலைகீழாக மாறிவிட்டார். மாறியவர் சும்மா இருந்தாரா? குடும்பம் முழுவதற்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். எங்கள் குடும்பங்களில் நல்ல காரியம் என்றால் நாலு நாட்டிலிருந்தும் கை கொடுப்பார்கள். கலியாணத்துக்குத் தாலிக்கொடி ஒருவர், கூறை ஒருவர், மண்டபம் ஒருவர் என்று பங்கு போடுவதில்லையா? அதே மாதிரி மெலனியின் கணினியையும் பங்கு போட்டுவிட்டார்கள்.

பைகளிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் கவுண்டரில் வைத்தார். கிராபிக்ஸ் கார்ட், ரொறன்ரோ மச்சான். ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி போட்ட கேசிங், மெலனியின் ஞானத்தகப்பன். புரொசசர், லண்டனிலிருக்கும் மூத்த தமையன். மதர்போர்ட், பாரிசிலிருக்கும் தங்கச்சி. மிச்சம் மூன்று சாமானுக்கும் யேசுதாசனிடம் முந்நூறு டொலர் இருந்தது.

நான் பெட்டிகளைப் பார்த்தேன். பிறகு என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். இந்தத் தொழிலில் புரொசசர் செய்கிற பெரிய கம்பெனிகள் இரண்டு. ஒன்றின் புரொசசர் மற்றதற்குச் செய்த மதர்போர்ட்டில் உட்காராது. தட்டி இறுக்கவும் முடியாது, வெட்டி ஒட்டவும் முடியாது. லண்டன் ஒரு கம்பெனி, பாரிஸ் மற்றக் கம்பெனி.

“இவை ரெண்டு பேரும் வாங்க முதல் கதைக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

யேசுதாசன் மகளைப் பார்த்தார். மெலனிதான் சொன்னாள், “அன்ரி, அவை அஞ்சு வருசமா கதைக்கிறேல்லை.”

அவர்களுடைய தாய் இறந்தபோது முப்பத்தோராம் நாள் பூசையை எந்த நாட்டில் வைப்பது என்று தமையனுக்கும் தங்கச்சிக்கும் வாக்குவாதம் வந்திருக்கிறது. கடைசியில் லண்டனில் ஒன்று, பாரிசில் ஒன்று என்று இரண்டு பூசை நடந்தது. அன்றிலிருந்து பேச்சில்லை. யேசுதாசன் நடுவில். “பெரியண்ணை எப்பிடி இருக்கிறார் எண்டு கேள்” என்று பாரிஸ் எடுக்கும். “அவளுக்குப் பிரசர் எப்பிடியாம்?” என்று லண்டன் எடுக்கும். ஐந்து வருடமாக இவர்தான் இரண்டு பக்கத்துக்கும் தபால்காரர்.

“இதிலை ஒண்டைத் திருப்பினா, மற்றவற்றையை மட்டும் எடுத்தன் எண்டு ஆகிடும் அக்கா” என்றார். “பிறகு என்னோடையும் கதைக்காயினம். எனக்கு இருக்கிறது இந்த ரெண்டு பேரும்தான்.” அந்தப் பெரிய லொறிக்கார மனிதரின் குரல் அப்படி இறங்கியதும் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

தொழில்ரீதியாகப் பார்த்தால் வழி இருந்தது. லண்டன் புரொசசர் விலை கூடியது, நல்லது. அதை வைத்துக்கொண்டு பாரிஸ் மதர்போர்ட்டுக்குப் பதிலாகப் பொருத்தமான வேறொன்றை மாற்றவேண்டும். பெட்டி உடைக்கப்படவில்லை என்பதால் மதாமிடம் கேட்டால் கடையிலேயே மாற்றித் தருவார். அதை நான் சொன்னதும் யேசுதாசன் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்.

“அப்ப சொல்லாமல் மாத்தி விடுங்கோ அக்கா. தங்கச்சிக்குத் தெரியவா போகுது?”

நானும் ஓம் என்றுவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கம்தான். இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவள், ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காகத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மதர்போர்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதாமின் மேசைக்குப் போனேன்.

மதாம் கதை முழுவதையும் கேட்டார். கோப்பி ஒரு வாய் குடித்தார். பிறகு ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, “இதை வாங்கியது யார்?” என்றார்.

“பிள்ளையின் மாமி.”

“அவரிடம் கேட்டாயா?”

“இல்லை.”

“அப்படியென்றால் நீ எனக்கு விற்க வந்திருப்பது அவருடைய சாமான்.” கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டார். “மாற்றித் தருகிறேன். காசு வேண்டாம். ஆனால் அவர் வாயால் சொல்லவேண்டும். அதோடு, ரனீ, அந்தக் கேசிங்குக்கு ஒரு பக்கம் கண்ணாடி. அந்த மாமிக்குக் கண் தெரியாதா?”

என் பெயரை அவர் ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை. ஆனால் கேசிங்கின் கண்ணாடியை நான் மறந்தே போயிருந்தேன். மெலனியிடம் விசாரித்தால், மாமி மதர்போர்ட்டைத் தெரிவுசெய்ததே நிறம் பார்த்துத்தானாம். முழு வெள்ளை. கண்ணாடிக்குள்ளால் வெள்ளையாகத் தெரிந்தால் பெண்பிள்ளைக்கு வடிவாக இருக்கும் என்று. கணினி பூட்டி முடிந்ததும் வீடியோவில் காட்டவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறா. இந்த அழகில் நாங்கள் கடையில் இருந்த கறுப்பு மதர்போர்ட்டை உள்ளே வைத்து ஏமாற்றப் பார்த்திருக்கிறோம்.

அப்போது இங்கே காலை பதினொரு மணி. லண்டனில் பின்னேரம் நாலு, பாரிசில் ஐந்து. “ரெண்டு பேரையும் ஒண்டா எடுங்கோ” என்றேன்.

யேசுதாசன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். “ஒண்டாவோ?”

“தனித்தனியா எடுத்தா, ஆருக்கு முதல் எடுத்தனியள் எண்டு அதுக்கும் ஒரு சண்டை வரும்.”

மெலனி தகப்பனின் கைபேசியைப் பறித்து இருவரையும் ஒரே அழைப்பில் எடுத்தாள். கவுண்டரில் ஒரு பெட்டியில் அதைச் சாய்த்து வைத்தோம். மேலே லண்டன் பெரியப்பா, நரைத்த தலை, கம்பளிச் சட்டை. கீழே பாரிஸ் மாமி, பின்னால் குசினி. ஒருவரை ஒருவர் கண்டதும் இரண்டு முகமும் இறுகிவிட்டன. பெரியப்பா தன் வீட்டு முகட்டைப் பார்த்தார். மாமி அடுப்பைப் பார்த்தா.

நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, புரொசசர் பெட்டியையும் மதர்போர்ட் பெட்டியையும் காட்டி, ஏன் இரண்டும் சேராது என்று விளங்கப்படுத்தினேன். “ரெண்டும் நல்ல சாமான். ரெண்டிலையும் பிழை இல்லை. ஆனா ஒரு ஆளின்ரை கால், மற்ற ஆளின்ரை சப்பாத்து” என்றேன்.

“என்ரை பிழைதான்” என்றார் பெரியப்பா, முகட்டைப் பார்த்தபடியே. “கேக்காமல் வாங்கிப்போட்டன். என்ரையை விடச் சொல்லுங்கோ.”

யேசுதாசன் உடனே கைபேசிக்குக் கிட்டக் குனிந்தார். “தங்கச்சி, பெரியண்ணை சொல்லுறார், தன்ரையை விடட்டாம்.”

“அவர் ஏன் விடவேணும்? நான்தான் ஒண்டும் தெரியாமல் நிறம் பாத்து வாங்கினனான். என்ரையை விடட்டும்.”

“பெரியண்ணை, தங்கச்சி சொல்லுறா…”

“அப்பா,” என்றாள் மெலனி, “அவைக்குக் கேக்குது.”

யேசுதாசன் வாயைத் திறந்தபடியே நின்றார். பாவம் மனிதர், ஐந்து வருடப் பழக்கம். முதலில் சிரித்தது மாமிதான். சிரிப்பை அடக்கப் பார்த்தா, முடியவில்லை. பெரியப்பா முகட்டிலிருந்து கண்ணை இறக்கினார்.

“றோசி,” என்றார், “உன்ரை வெள்ளையோ?”

“ஓம் பெரியண்ணை. முழு வெள்ளை.”

“அப்ப நல்ல வடிவா இருந்திருக்கும்.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. மாமி கையிலிருந்த துணியால் முகத்தைத் துடைத்தா. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. மதாமுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது, ஆனால் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய சண்டை. என்னுடையதை விடு, இல்லை என்னுடையதைத்தான் விடவேண்டும் என்று இருவரும் பத்து நிமிடம் பிடித்த பிடியில் நின்றார்கள். விட்டுக்கொடுக்கவும் இந்தக் குடும்பத்துக்கு ஒரு பிடிவாதம் வேண்டியிருந்தது. கடைசியில் மெலனி, “எனக்குச் சனிக்கிழமை செலக்சன்” என்று ஒரு சத்தம் போட்டாள். இருவரும் அடங்கினார்கள். நான் புகுந்து, மாற்றுவதென்றால் மதர்போர்ட்டை மாற்றுவதுதான் புத்தி, அதற்குப் பதிலாக வருகிற மதர்போர்ட்டும் மாமி கொடுத்ததாகத்தான் கணக்கு என்றேன்.

“அளவில்லாத சட்டையைக் கடையிலை மாத்துற மாதிரித்தானே?” என்றா மாமி.

“அதேதான்.”

“அப்ப சரி. மாத்துங்கோ. வெள்ளை இருக்கோ?”

வெள்ளை இல்லை. கறுப்புத்தான் இருந்தது. மாமிக்கு முகம் கொஞ்சம் வாடிற்று. “அதுக்கு மேலைதானே பெரியண்ணையின்ரையைப் பூட்டுவீங்கள்? பிடிச்சுக்கொண்டு நிக்குமோ?” என்று கேட்டா. நன்றாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்றேன்.

மிச்ச வேலை லேசு. பவர் சப்ளையில் முப்பது டொலர் மிச்சம் பிடிக்கலாமா என்று யேசுதாசன் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். நான் பேனையை எடுத்து எழுதிவிட்டேன். வியாழக்கிழமை பூட்டினேன், மெலனியும் பக்கத்தில் நின்று திருகாணி பூட்டினாள். முதல் தரம் போட்டபோது திரையில் ஒன்றும் வரவில்லை, யேசுதாசன் சிலுவை போட்டுக்கொண்டார். பார்த்தால் ராம் என்கிற நினைவக அட்டை ஒன்று சரியாக இறுகவில்லை. கட்டைவிரலால் ஒரு அழுத்து, படம் வந்துவிட்டது. மெலனி தன் விளையாட்டைப் போட்டாள். திரையின் மூலையில் ஒரு நொடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எண் இருக்கும். மடிக்கணினியில் நாற்பதைத் தாண்டாத அந்த எண் நூற்றுநாற்பதுக்கு மேல் ஏறி நின்றது. அவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த சம்பளத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

மூன்று கிழமை கழித்து யேசுதாசன் ஒரு கேபிள் வாங்க வந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. “மெலனி என்ன மாதிரி?” என்று கேட்டேன்.

“அணியிலை எடுத்திட்டினம். அவவுக்கு ஒரு குறையும் இல்லை.”

“அண்ணையும் தங்கச்சியும்?”

“அவைக்கு என்ன? மெலனி விளையாடுறதை இன்ரநெற்றிலை காட்டுறாங்கள். ரெண்டு பேருக்கும் ஒரு மண்ணும் விளங்கிறேல்லை. எங்கடை பிள்ளை எது, சுடுறது எது எண்டு ஒராளை ஒராள் கேட்டுக்கொண்டு இருந்து பாக்கினம். மெலனிக்கு ஆட்டம் இல்லாத நாளிலையும் கதைக்கினம்.”

“அப்ப நல்லதுதானே? ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறியள்?”

“நல்லதுதான் அக்கா. ஆனா என்னை ஒருத்தரும் தேடுறேல்லை. முந்தி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வீட்டை வர முதலே மாறி மாறி எடுப்பினம், எனக்குச் சாப்பிட நேரம் இராது. போன ஞாயிறு ஒருத்தரும் எடுக்கேல்லை. சரி, நானே எடுப்பம் எண்டு லண்டனுக்கு எடுத்தன், லைன் பிசி. பாரிசுக்கு எடுத்தன்.” கையை விரித்தார். “அதுவும் பிசி.”